ஸ்கேனருக்கு ஏற்ற நெகட்டிவ்: கறுப்பு-வெள்ளை பிலிமை எடுப்பதும் கழுவுவதும்

கறுப்பு-வெள்ளை நெகட்டிவை ஸ்கேன் செய்ய உட்காரும்போது இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். ஒன்று, நெகட்டிவில் வெறும் கண்ணாடியாகத் தெரியும் நிழல் பகுதி. அங்கே வெள்ளியே படியவில்லை. எந்த மென்பொருளைக் கொண்டும் அங்கிருந்து எதையும் வரவழைக்க முடியாது. இன்னொன்று, கருகருவென்று அடைத்துப்போன வெளிச்சப் பகுதி. வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர், வானம் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஸ்கேனர் விளக்கின் ஒளி அந்தக் கறுப்பைத் தாண்டி வருவதற்குள் சொற்பமாகிவிடும். அந்தச் சொற்ப ஒளியிலிருந்து படத்தை இழுத்தெடுத்தால் நாய்ஸ் புள்ளி புள்ளியாக ஏறி நிற்கும்.

பிலிம் பெட்டியிலும், பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் திரவமான டெவலப்பரின் அட்டவணையிலும் கொடுத்திருக்கும் நேரங்கள் இருட்டறையில் பேப்பரில் பிரின்ட் போடுபவர்களை மனதில் வைத்துக் கணக்கிட்டவை. பேப்பரில் கறுப்பும் வெள்ளையும் நன்றாக விழ, நெகட்டிவில் ஓரளவு அழுத்தமான கான்ட்ராஸ்ட் வேண்டும். ஸ்கேனில் அப்படியில்லை. கான்ட்ராஸ்டைக் கூட்டுவது கணினியில் ஒரு நொடி வேலை. அடைத்துப்போனதைத் திறப்பதுதான் பெரும்பாடு. அதனால் ஸ்கேனுக்காகவே எடுக்கிற ரோலுக்கு கேமராவில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமும், பிலிமைக் கழுவும் டேங்கில் கொஞ்சம் குறைவான நேரமும் கொடுக்க வேண்டும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதைத்தான் இங்கே கணக்காகப் பார்க்கப் போகிறோம்.

எல்லா பிலிமுக்கும் எல்லா டெவலப்பருக்கும் சேர்த்துச் சொன்னால் புதியவர் குழம்பிவிடுவார். ஒரே ஜோடியை எடுத்துக்கொள்வோம்: 35 மிமீ இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிம், அதே நிறுவனத்தின் ஐடி-11 டெவலப்பர். எச்பி5 பிளஸ் ஐஎஸ்ஓ 400 வேகமுள்ள, சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் பிலிம். ஐடி-11 பொடியாக வரும். கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் வெள்ளித் துகள், அடக்கமாக இருக்கும். ரோடினால் வகை டெவலப்பர்களில் கிரெய்ன் கூர்மையாக நிற்கும். பேப்பரில் அது அழகு. ஸ்கேனரில் அந்தக் கூர்மை பெருகி மணல் அள்ளிப் போட்டதுபோலத் தெரியும். முதல் பத்து ரோலுக்காவது ஜோடியை மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றாமல் வைத்தால்தான் எது எதனால் நடந்தது என்று புரியும்.

ஒருகாலத்தில் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை "இந்து" என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் செய்தது. இன்று கையில் கிடைக்கும் கறுப்பு-வெள்ளை ரோல் பெரும்பாலும் இறக்குமதிதான், விலையும் அதற்கேற்ப. காலாவதியான பழைய ரோல் மலிவாகக் கிடைத்தாலும் கற்றுக்கொள்ளும்போது அதைத் தொடாதீர்கள். வெயிலில் கிடந்த பிலிம் முழுக்கச் சாம்பல் பூத்திருக்கும். அது உங்கள் தவறா பிலிமின் தவறா என்று தெரியாது.

கேமராவில்

400 பிலிமுக்கு கேமராவின் ஐஎஸ்ஓ எண்ணை 250-இல் வையுங்கள். மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி. பிலிம் டப்பாவின் குறியீட்டைத் தானாகப் படித்து 400-ஐ வைத்துக்கொள்ளும் கேமராவாக இருந்தால், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +2/3 வைத்தால் அதுவே இது. டேங்கில் நேரத்தைக் குறைக்கும்போது நிழல் பகுதியின் அடர்த்தியும் சற்றுக் குறையும். அந்தக் குறையை இங்கேயே ஈடுகட்டிவிடுகிறோம்.

நல்ல வெயிலில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, மீட்டர் இல்லாமலே எஃப்/16-இல் 1/250 நொடி சரியாக வரும். சிக்கல் நிழலும் வெயிலும் ஒரே பிரேமில் வரும்போதுதான். பகல் பன்னிரண்டு மணி. திண்ணை நிழலில் ஒரு பாட்டி. பின்னால் வெயில் கொளுத்தும் தெரு. கேமரா மீட்டர் தெருவைப் பார்த்து ஏமாந்து, பாட்டியை இருட்டாக்கிவிடும். கிட்டே போய், நிழலில் எந்த இடத்தில் விவரம் தெரிந்தே ஆக வேண்டுமோ அதை மட்டும் பிரேம் நிறைய வைத்து மீட்டர் பாருங்கள். புடவையின் கறுத்த மடிப்பு என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 1/60, எஃப்/4 என்று சொன்னால் அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து 1/60, எஃப்/8 வையுங்கள். ஏன் குறைக்க வேண்டும்? மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த மடிப்பு கறுப்பாகவே, ஆனால் நெசவு தெரிகிற கறுப்பாக விழ வேண்டும். அதற்கு இரண்டு ஸ்டாப் கீழே என்பது சரியான இடம். தெரு எவ்வளவு வெளுத்தாலும் அதை டேங்கில் அடக்கிக்கொள்ளலாம்.

முகத்தை மீட்டர் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. மேலைநாட்டுக் கையேடுகள் முகத்தைப் பார்த்து ஒரு ஸ்டாப் கூட்டச் சொல்லும். அது வெளிர் தோலுக்குச் சொன்ன கணக்கு. மாநிற முகத்துக்கு மீட்டர் சொல்வதை அப்படியே வைக்கலாம். கறுத்த முகம் மீட்டர் சொல்வதைவிடச் சற்றுக் கீழே விழுவதுதான் அதன் உண்மையான நிறம். ஆனாலும் பிலிமில் குறைக்காமல் மீட்டர்படியே எடுத்துவிட்டு, ஸ்கேன் செய்த பிறகு இறக்கிக்கொள்வது பாதுகாப்பு. தோல் நிறம் குழப்பினால் உங்கள் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் நீட்டி மீட்டர் பாருங்கள். உள்ளங்கை ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது, நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமாக இருக்கும். மீட்டர் சொல்வதற்கு ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும்.

கூடுதல் வெளிச்சம் நல்லது என்றதும் மூன்று நான்கு ஸ்டாப் அள்ளிக் கொடுக்கவும் கூடாது. நெகட்டிவ் முழுக்கத் தடிமனாகி, கிரெய்ன் பெருத்து, முதலில் சொன்ன அடைப்புக்கே கொண்டுபோய்விடும்.

ஒரு ரோல் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சத்தில் முடிப்பது மிக நல்ல பழக்கம். டேங்கில் 36 படமும் ஒன்றாகத்தான் வேகும். கொளுத்தும் வெயிலில் எடுத்த ரோலுக்கு ஒரு நேரம், மழை மப்பில் எடுத்ததற்கு வேறு நேரம். ரோலை எடுத்ததும் டப்பாவில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி "250, வெயில்" என்று எழுதிவிடுங்கள்.

வேண்டிய சாமான்கள்

மூடியபடியே திரவம் ஊற்றக்கூடிய பேட்டர்சன் வகை டேங்க், அதன் பிளாஸ்டிக் ரீல், கைநுழைத்து வேலை செய்யும் கறுப்புச் சேஞ்சிங் பேக், அரை டிகிரி வரை நம்பிப் படிக்கக்கூடிய தெர்மாமீட்டர், அளவுக் குடுவை இரண்டு, ஊசி இல்லாத 5 மிலி சிரிஞ்ச், கத்தரி, பாட்டில் திறப்பான், கிளிப் இரண்டு, கையுறை. சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். இதற்கு எடுத்ததைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஐடி-11-இல் இருக்கும் மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் உண்டாக்கும். பொடியைக் கரைக்கும்போது முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் ஐடி-11 பொட்டலத்தில் இரண்டு பொடிகள் இருக்கும். 40 டிகிரி வெந்நீரில் முதல் பொடி முழுக்கக் கரைந்த பிறகே இரண்டாவதைப் போட வேண்டும். இந்த ஸ்டாக் கரைசலை 250 மிலி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடினால் ஆறு மாதம் தாங்கும். பாதி காலியான பாட்டிலில் காற்றுப்பட்டு ஒரு மாதத்திலேயே வலுவிழக்கும். தேநீர் நிறத்துக்கு மாறியதைக் கொட்டிவிடுங்கள்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகரே போதும். லேபிளில் 4 அல்லது 5 சதவீத அசெடிக் அமிலம் என்றிருந்தால் ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர்.

படம் வெளிச்சத்தில் கெடாமல் நிலைக்கச் செய்யும் திரவம் ஃபிக்ஸர். அதற்கு ரேபிட் ஃபிக்ஸர்தான் எங்கள் சிபாரிசு: 1+4, அதாவது 200 மிலிக்கு 800 மிலி தண்ணீர். திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பழைய ஸ்டுடியோக்களில் வைத்திருந்த ஹைப்போ உப்பும் எச்பி5-க்கு வேலை செய்யும். லிட்டருக்கு 250 கிராம் படிகம், பத்து நிமிடம். கரையும்போது குடுவை ஜில்லென்று குளிர்ந்துபோகும், பயப்பட வேண்டாம். ஆனால் டெல்டா, டி-மேக்ஸ் போன்ற பிலிம்களுக்கு வெறும் ஹைப்போ போதாது.

வெப்பநிலை, நேரம்

புத்தகங்களெல்லாம் 20 டிகிரி செல்சியஸ் என்று சொல்லும். சென்னையிலோ மதுரையிலோ குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டி நிற்கும். மே மாத மதியம் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். 20-க்கு இறக்கி அங்கேயே நிறுத்திவைப்பது போராட்டம். 24 டிகிரியில் வேலை செய்யுங்கள். வெப்பம் ஏற ஏற டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், அதற்குத் தக்கபடி நேரத்தைக் குறைத்தால் போதும்.

எச்பி5 பிளஸ், ஐடி-11 1+1 (ஒரு பங்கு ஸ்டாக், ஒரு பங்கு தண்ணீர்), 20 டிகிரி என்றால் அட்டவணை நேரம் 13 நிமிடம். ஸ்கேனுக்காக அதில் 15 சதவீதம் குறைத்தால் 11 நிமிடம். அதை 24 டிகிரிக்கு மாற்றினால் சுமார் 8 நிமிடம். வெயிலும் நிழலும் கலந்த சாதாரண ரோலுக்கு இந்த 8 நிமிடம்தான் உங்கள் தொடக்கப் புள்ளி. உச்சி வெயிலில் மட்டுமே எடுத்த ரோலுக்கு 7 நிமிடம். மழை மப்பில், கான்ட்ராஸ்டே இல்லாத வெளிச்சத்தில் எடுத்ததற்குக் குறைக்கவே வேண்டாம். அட்டவணையின் 13 நிமிடத்துக்கு 24 டிகிரியில் ஈடான ஒன்பதரை நிமிடத்தை முழுசாகக் கொடுங்கள்.

இதைவிடக் குறைக்கலாமா என்று பலருக்கும் ஆசை வரும். வேண்டாம். நெகட்டிவ் சப்பையாகிவிட்டால் ஸ்கேனில் கான்ட்ராஸ்டை இழுத்துப் பிடிக்க வேண்டிவரும்; அப்போது கிரெய்னும் நாய்ஸும் கூடவே இழுபடும், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் இன்னொரு தொல்லையும் உண்டு: டெவலப்பர் பிலிம் முழுக்கச் சீராகப் பரவுவதற்குள் வேலை முடிந்துவிடும், திட்டுத் திட்டாக வரும். டி-76 டெவலப்பர் வைத்திருப்பவர்கள், கலவை ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், அதற்கான அட்டவணை நேரத்தை எடுத்து அதிலிருந்து 15 சதவீதம் கழியுங்கள்.

24 டிகிரிக்குக் கொண்டுவருவது சின்னக் கணக்கு. 1+1 என்பதால் 150 மிலி ஸ்டாக், 150 மிலி தண்ணீர். ஸ்டாக் 30 டிகிரியில் இருந்தால் தண்ணீர் 18 டிகிரியில் இருக்க வேண்டும்: இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 24. ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தால் 18-க்குக் கொண்டுவருவது சுலபம். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும்.

தொடங்கும் முன்பே ஒரு வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீரை 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, பாலித்தீன் பையில் கட்டிய ஐஸை அதில் மிதக்கவிட்டுத் தயாராக வையுங்கள். ஃபிக்ஸர், ஸ்டாப் பாத் பாட்டில்களும் அந்த வாளியிலேயே நிற்கட்டும். டெவலப்பரை மட்டும் பார்த்துப் பார்த்து 24-இல் வைத்துவிட்டு, கடைசியில் 35 டிகிரி குழாய்த் தண்ணீரில் அலசுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. ஊறி இளகிய ஜெலட்டின் திடீர் வெப்ப மாற்றத்தில் சுருங்கி, படம் முழுக்க நுண்ணிய வெடிப்பு வலை விழலாம். எல்லாத் திரவமும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும்.

ரீலில் ஏற்றுவது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஒரு வீணான ரோலை வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு ஐந்து முறை, மூடிக்கொண்டு பத்து முறை ஏற்றிப் பழகாமல் உண்மையான ரோலைத் தொடாதீர்கள்.

ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நகராது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சேஞ்சிங் பேக்கிற்குள் கை வைத்த ஐந்தாவது நிமிடத்தில் உள்ளே வியர்த்துவிடும். அதனால் விடியற்காலையிலோ மின்விசிறிக்குக் கீழேயோ ஏற்றுங்கள், ரீலை முன்பே ஹேர் டிரையரால் காயவையுங்கள். நடுவில் சிக்கினால் பலவந்தமாகத் தள்ளாதீர்கள். பிலிம் மடிந்த இடத்தில் நகக்கண் வடிவில் பிறைக்கோடு விழும், அதைப் போக்க வழியில்லை. பிலிமையும் ரீலையும் டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்து, துடைத்து, பத்து நிமிடம் கழித்துத் தொடருங்கள்.

பைக்குள் வைக்க வேண்டியவை: பிலிம், ரீல், டேங்க், மூடி, நடுக்குழாய், கத்தரி, பாட்டில் திறப்பான். பாட்டில் திறப்பானால் டப்பாவின் தட்டையான மூடியை நெம்பி எடுங்கள். பிலிமின் நாக்குப் பகுதியை ஓட்டைகளுக்கு நடுவே நேராக வெட்டி, இரண்டு மூலையையும் சற்றே மழுக்கிவிடுங்கள்; பாதி சிக்கல் அங்கேயே தீரும். வெட்டிய நாக்கை எறியாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது. பிலிமை ஓரங்களில் மட்டும் பிடித்து, ரீலின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறி முன்னும் பின்னும் திருக, அது தானே உள்ளே போகும்.

நடுக்குழாயை மறக்காதீர்கள். ரீல் கோத்திருக்கும் அந்தக் கறுப்புக் குழாய் இல்லாவிட்டால் மூடி போட்டிருந்தாலும் டேங்குக்குள் வெளிச்சம் போகும், ரோல் முழுக்கக் கறுத்துவிடும். இரண்டு ரீல் டேங்கில் ஒரே ரோலைக் கழுவினால் மேலே காலி ரீலையும் போடுங்கள், இல்லாவிட்டால் பிலிம் மேலேறித் திரவத்துக்கு வெளியே வந்துவிடும்.

டேங்கில் 8 நிமிடம்

35 மிமீ ஒரு ரீலுக்கு 300 மிலி. டெவலப்பரை ஒரே மூச்சில் ஊற்றி, கடிகாரத்தைத் தொடங்கி, மூடியை அழுத்தி, பத்து நொடிக்குள் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு டேங்கின் அடியை மேசையில் இரண்டு முறை தட்டுங்கள். பிலிமில் ஒட்டிய காற்றுக் குமிழி கழன்றுவிடும். தட்டாமல் விட்டால் குமிழி இருந்த இடத்தில் டெவலப்பர் படாது, படத்தில் வட்டக் கறும்புள்ளியாக நிற்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு கவிழ்ப்பு. நடுவில் டேங்கை 24 டிகிரி வாளியில் நிறுத்துங்கள்.

கவிழ்ப்பது நிதானமாக இருக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் ஓர ஓட்டைகள் வழியாகத் திரவம் பீய்ச்சி, ஒவ்வொரு ஓட்டைக்கும் நேராகப் படத்துக்குள் வெளிர்ப் பட்டை விழும். வானம் இருக்கும் படத்தில் இது பளிச்சென்று தெரியும். கவிழ்க்காமலே விட்டாலும் சீரில்லாமல் வரும். நான்கு என்றால் எப்போதும் நான்கு. கான்ட்ராஸ்ட் ரோலுக்கு ரோல் மாறாமல் இருப்பது இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

7 நிமிடம் 50 நொடியில் கொட்டத் தொடங்குங்கள், 8-ஆவது நிமிடத்தில் ஸ்டாப் பாத் உள்ளே போகட்டும். கொட்டும் டெவலப்பரில் நிறம் கலந்திருந்தால் அது பிலிமில் இருந்த சாயம், கோளாறு இல்லை. 1+1 டெவலப்பர் ஒருமுறைக்குத்தான். ஸ்டாப் ஒரு நிமிடம்; வினிகரைப் பாட்டிலில் திருப்பி ஊற்றிவிடலாம்.

ஃபிக்ஸர் எத்தனை நிமிடம் என்பதை அந்த வெட்டிய நாக்கு சொல்லும். டெவலப்பரை ஊற்றும் முன்பே வெளிச்சத்தில் இதைச் செய்துவிடுங்கள். நாக்குத் துண்டின் மேல் ஒரு சொட்டு ஃபிக்ஸர் விட்டு அரை நிமிடம் பொறுத்து, துண்டை முழுதாக ஃபிக்ஸரில் போட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தெளிந்திருக்கும், சுற்றிலும் பால் போல் மங்கலாக இருக்கும். சுற்றியிருப்பதும் தெளிந்து அந்த வட்டம் கண்ணுக்கு மறையும் கணம்தான் தெளியும் நேரம். அதைப்போல் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்தால் போதும். எங்கள் பழக்கம் குறைந்தது 4 நிமிடம். புதுக் கரைசலில் எடுத்த நேரத்தைப் பாட்டிலில் எழுதிவையுங்கள். பிற்பாடு தெளிய அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் கரைசல் தீர்ந்துவிட்டது.

தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். கிணற்றடியிலோ செடிக்கோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். ஒரு கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்ரே லேப்களிலிருந்து பழைய ஹைப்போவை வெள்ளிக்காக எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அலசுவதும் உலர்த்துவதும்

அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. டேங்கில் வாளித் தண்ணீரை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். இல்ஃபோர்டு நிறுவனமே சொல்லும் முறை இது.

அடுத்து வருவது ஸ்கேன் செய்பவர்களுக்கு உயிர்நாடி. கலர் நெகட்டிவில் தூசியையும் கீறலையும் ஸ்கேனரே அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கிவிடும். வெள்ளியால் ஆன கறுப்பு-வெள்ளை பிலிமில் அது நடக்காது. வெள்ளி அகச்சிவப்பையும் மறைப்பதால் ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்துக்கொள்ளும். இந்த பிலிமில் விழும் ஒவ்வொரு தூசியையும் நீங்கள்தான் உட்கார்ந்து அழிக்க வேண்டும். ஆகவே உலர்த்தும்போதே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

கடைசி அலசலுக்கு உப்புத் தண்ணீர், போர் தண்ணீர் ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் 300 மிலியில், தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் போட்டோ-ஃப்ளோ அல்லது இல்ஃபோட்டால் 1.5 மிலி கலந்து, பிலிமை ரீலிலிருந்து கழற்றி ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். அளவைக் கூட்டினால் நுரை காய்ந்து கறையாகும். ரீலோடு அமிழ்த்தினால் ரீலில் பிசுக்கு ஏறி, அடுத்த முறை பிலிம் ஏறாது.

விரலிடுக்கிலோ ரப்பர் இடுக்கியிலோ வழித்துவிடாதீர்கள். ஈர ஜெலட்டின் நகம் பட்டாலே கீறும். ஒரு மணல் துகள் போதும், முதல் படத்திலிருந்து 36-ஆவது வரை ஒரே நேர்க்கோடு விழும். அப்படியே கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கீழே இன்னொரு கிளிப்பைக் கனத்துக்கு மாட்டுங்கள். தொங்கவிட நல்ல இடம் குளியலறை. முதலில் வெந்நீரைத் திறந்து ஆவி பரவவிட்டால் மிதக்கும் தூசி படிந்துவிடும். பிறகு மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, நான்கு மணி நேரம் யாரும் நுழையாமல் விடுங்கள். காய்ந்ததும் ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் சுருள் நிமிரும். நிமிராத பிலிமில் நடுப்பகுதி ஃபோகஸில் இருக்கும், ஓரம் இருக்காது.

நெகட்டிவைப் படிப்பது

ஸ்கேன் செய்யும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைப் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் எண்களும் பிலிம் பெயரும் ஆலையிலேயே ஒளியேற்றியவை. அவை உங்கள் கேமராவைச் சார்ந்ததில்லை, டெவலப்பிங்கை மட்டுமே சார்ந்தவை. எண்கள் திடமாக இருந்து படம் மட்டும் வெளிறி, நிழல் பகுதி வெறுமையாக இருந்தால் எக்ஸ்போஷர் போதவில்லை. எண்களும் படமும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பர் வலுவிழந்தது, அல்லது நேரமோ வெப்பமோ குறைந்துவிட்டது. எண்கள் மட்டும் இருந்து படமே இல்லையென்றால் கேமராவில் பிலிம் ஓடவில்லை. எண்கள்கூட இல்லாமல் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் டெவலப்பருக்கு முன் ஃபிக்ஸரை ஊற்றிவிட்டீர்கள். எண்கள் தெரியாத அளவுக்கு முழுக்கக் கறுத்திருந்தால் வெளிச்சம் புகுந்துவிட்டது. பால் போன்ற மங்கல் திட்டுகள் ஃபிக்ஸ் போதாததன் அடையாளம். திரும்ப நல்ல ஃபிக்ஸரில் போட்டு அலசினால் சரியாகும்.

எல்லாம் சரியாக இருந்தால் நெகட்டிவைச் செய்தித்தாள் எழுத்தின் மேல் வையுங்கள். வேட்டி, சுவர் போன்ற கறுத்த பகுதியின் ஊடாகவும் எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் ஸ்கேனருக்கு ஏற்ற அடர்த்தி. எழுத்து மறைந்துபோனால் அடுத்த ரோலுக்கு ஒரு நிமிடம் குறையுங்கள். நிழல் வெறுமையாக இருந்தால் நேரத்தைத் தொடாதீர்கள். கேமராவில் 250-ஐ 200 ஆக்குங்கள்.

ஸ்கேன்

எப்சன் வி600 போன்ற பிளாட்பெட் ஸ்கேனரில் அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று போட்டிருந்தாலும் உண்மையில் கிடைக்கும் நுணுக்கம் அதில் கால் பங்கு அளவுதான். 2400 அல்லது 3200-இல் ஸ்கேன் செய்தால் போதும், அதற்கு மேல் கோப்பு மட்டுமே பெருக்கும். 16 பிட் கிரேஸ்கேல், தானியங்கித் திருத்தம், ஷார்ப்பனிங், தூசி நீக்கம் எல்லாம் நிறுத்தம். படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் இரண்டு முனையும் சுவரில் முட்டாமல் இடம் விட்டு ஸ்கேன் செய்யுங்கள். முதலில் வரும் படம் சாம்பலாக, உயிரில்லாமல் இருக்கும். அதுதான் வேண்டும். கான்ட்ராஸ்டைப் பிறகு நீங்கள் கொடுக்கலாம்.

டிஜிட்டல் கேமராவும் 1:1 மேக்ரோ லென்ஸும் இருந்தால் இன்னும் நல்ல ஸ்கேன் கிடைக்கும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 36 மிமீ அகலத்துக்கு 6000 பிக்சல். அங்குலத்துக்கு 4200-க்கு மேல். எல்இடி பலகையிலிருந்து பிலிமை நான்கைந்து சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள், பலகையின் புள்ளிகளும் அதன் மேலுள்ள தூசியும் ஃபோகஸிலிருந்து விலகிவிடும். பிலிமைச் சுற்றி வழியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்து, அறை விளக்கை அணையுங்கள். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு, இரண்டு நொடி டைமர். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க பிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழுந்தால் நேர். எக்ஸ்போஷரை, படமில்லாத வெறும் பிலிம் ஓரம் வெளுத்துப்போவதற்குச் சற்று முன்பு நிற்கும்படி வையுங்கள். நெகட்டிவில் அதுதான் மிக வெளிச்சமான இடம்; அது தப்பினால் நிழல் விவரம் முழுக்கத் தப்பும். கணினியில் கர்வ் கோட்டின் இருமுனையையும் தலைகீழாக மாற்றினால் படம் நேராகும், பிறகு லெவல்ஸில் கறுப்பையும் வெள்ளையையும் சரிசெய்யலாம்.

நேரான படத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது நெகட்டிவ் மேல் இருக்கும் தூசி. ஊதுபந்தால் ஊதி மறுபடி ஸ்கேன் செய்யலாம். கறும்புள்ளி என்றால் அது நெகட்டிவுக்குள்ளேயே இருக்கிறது: படம் எடுக்கும்போது பிலிம் மேல் இருந்த தூசி, அல்லது டேங்கில் தட்டாமல் விட்ட குமிழி. துடைத்தால் போகாது, துடைத்துக் கீறலைச் சேர்க்காதீர்கள். வானத்தில் எண்ணெய் மிதப்பதுபோல வளையம் தெரிந்தால் பிலிம் ஸ்கேனர் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் புத்தகத்துக்கு அடியில் வையுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவை உறையோடு காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கடலோர ஈரத்தில் ஜெலட்டின் மேல் பூஞ்சை பிடித்தால் சிலந்தி வலை போலப் படர்ந்து படத்தையே தின்றுவிடும். ஜெல்லின் நீலம் இளஞ்சிவப்பாக மாறும்போது பொட்டலத்தை மாற்ற வேண்டும். உறையின் மேல் பிலிம், 250, ஐடி-11 1+1, 24 டிகிரி, 8 நிமிடம், வெயிலா மப்பா என்ற ஆறும் எழுதியிருக்கட்டும்.